அவையறிந்து உரைத்தல்: வணிக எடுத்துரைப்பும் சிவகாசி தரும் பாடமும்

முன்னுரை

தொழில் நடத்துவோர் தம் கருத்தைப் பிறர்முன் எடுத்துரைக்க வேண்டிய தருணங்கள் பல. வங்கியில் கடன் கேட்கும்போதும், வெளியூர் வணிகரிடம் சரக்கின் தரத்தை விளக்கும்போதும், அரசு அலுவலரின் வினாவிற்கு விடையளிக்கும்போதும் அவர்கள் ஓர் அவையின் முன்னேதான் நிற்கின்றனர். கணிப்பொறியும் திரையும் இப்பணிக்குப் புதியவை. ஆனால் இக்கலை தமிழுக்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் இதற்கென்றே அமைந்துள்ளன. இம்மரபு விருதுநகர், சிவகாசிப் பகுதித் தொழில்களுக்கு எவ்வாறு துணைபுரியும் என்பதை இங்குக் காண்போம்.

நூற்குற்றமும் உரைக்குற்றமும்

பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைத் தொகுத்துள்ளார். அவற்றுள் நான்கு வணிக உரைக்கும் நேரே பொருந்துவன. விலையைச் சொல்லிச் சரக்கு வந்துசேரும் நாளைச் சொல்லாது விடுவது குன்றக் கூறல். ஒரு வரியில் அடங்கும் செய்தியைப் பத்துப் பக்கங்களுக்கு நீட்டுவது மிகைபடக் கூறல். திரையில் உள்ளதையே வரிவரியாக வாய்விட்டுப் படிப்பது கூறியது கூறல். கடன் கேட்க வந்தவர் நிறுவனத்தின் பழம்பெருமையையே அரைமணி நேரம் பேசுவது மற்றொன்று விரித்தல்.

இக்குற்றங்கள் நீங்கிய உரைக்கு எடுத்துக்காட்டு நம் அருகிலேயே உள்ளது. நாளிதழ்களில் வெளிவரும் விருதுநகர்ச் சந்தை விலை நிலவரத்தை நோக்குக. பொருளின் பெயர், அளவு, விலை ஆகிய மூன்றே அதில் இருக்கும். வணிகன் அறிய விரும்புவது எதுவோ அதுவே அங்குள்ளது.

படம் பேசும் முறை

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் அதனைத் தம் ஊரில் தொடங்கினர். தீப்பெட்டிக்கு வேண்டிய லேபிள்களின் தேவையே அவ்வூரில் அச்சுத்தொழில் வளரத் துணையாயிற்று. பல மொழி பேசும் நாட்டில் எழுத்தறியாதவரும் படத்தைக் கொண்டே தமக்குரிய பெட்டியை அடையாளம் காண முடிந்தது. ஒரு லேபிளுக்கு ஒரு படம் என்னும் அச்சிக்கனத்தை நம் மாணவர்கள் திரைப்படங்களிலும் பின்பற்றலாம். ஒரு படத்திற்கு ஒரு கருத்தே போதும்.

அளந்து கூறலின் வலிமை

சிவகாசித் தொழில் எதிர்கொண்ட மிகப் பெரிய அவை உச்ச நீதிமன்றம் எனலாம். 2015இல் மூன்று குழந்தைகளின் பெயரில் பட்டாசுக்கு எதிரான வழக்கு தொடுக்கப்பட்டது. ஒருபுறம் பல்லாயிரவர் பிழைப்பு. மறுபுறம் குழந்தைகளின் மூச்சுக்காற்று. இத்தகைய அவையில் ஒருவர் தம் துன்பத்தை மட்டும் விரித்துரைப்பது போதாது. எதிர்த்தரப்பின் அச்சத்திற்கும் விடை வேண்டும். 2018 அக்டோபர் 23ஆம் நாள் தீர்ப்பில் நீதிமன்றம் முழுத்தடை விதிக்கவில்லை. பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் விலக்கி, மாசு குறைந்த பட்டாசுகளுக்கு வழிவிட்டது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பசுமைப் பட்டாசில், துகள் மாசு குறைந்தது 30 விழுக்காடு குறையும் எனக் கூறப்பட்டது. "மாசு குறைவு" என்னும் சொல்லைவிட, சோதித்துப் பார்க்கத்தக்க ஓர் எண் வலிமையுடையது.

எனினும் சொல்லைச் செயல் காக்க வேண்டும். பசுமைப் பட்டாசு என்ற பெயரில் தடைசெய்யப்பட்டவை விற்கப்படுவதை 2021 அக்டோபர் 29ஆம் நாள் ஆணையில் அதே நீதிமன்றம் கண்டித்தது. உறையின் மேலுள்ள சொல்லும் உள்ளேயுள்ள பொருளும் மாறுபட்டால், அடுத்த முறை உண்மை கூறுபவரின் சொல்லும் ஐயத்திற்கு உள்ளாகும்.

மறக்கப்படும் அவை

வணிக எடுத்துரைப்பு என்றவுடன் வாங்குவோரையும் முதலீட்டாளரையுமே நாம் எண்ணுகிறோம். மருந்துக் கலவை செய்யும் தொழிலாளரும் ஓர் அவையே. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உராய்வு ஏன் தீமூட்டும், அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தும் ஆட்களும் ஓர் அறையில் ஏன் கூடாது என்பவற்றைத் தொழிலாளரின் பேச்சுத்தமிழில் செய்துகாட்டி விளக்க வேண்டும். கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்து, அவர் புரிந்துகொண்டதை உறுதிசெய்ய வேண்டும். இங்கே குன்றக் கூறல் இலக்கணக் குற்றம் மட்டுமன்று, உயிர்க்குற்றமாகும்.

முடிவுரை

ஆகவே, எடுத்துரைக்கப் புகுவோர் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்வாராக. கேட்போர் யார்? அவர் அஞ்சுவது யாது? நாம் கூறுவதை அவர் எவ்வாறு சோதித்தறிவார்? இம்மூன்றற்கும் விடை கண்டபின் திரையை விரித்தால் போதும். நாவன்மை மெய்ம்மையோடு சேரும்போதே வாணிகம் நிலைபெறும் என்பதை மாணவச் செல்வங்கள் உளங்கொள்ள வேண்டுகிறோம்.