இலைச்சாறும் மருந்தும்: நித்தியகல்யாணி தரும் பாடம்

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், சுண்ணாம்பாற்றின் கரையில் அமைந்த ஊர் நோணாங்குப்பம். இதுபோன்ற கடலோர மணற்பாங்கான நிலங்களில், நீர் ஊற்றுவார் இன்றியும் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. ஆண்டு முழுவதும் பூப்பதால் இப்பெயர் பெற்றது. சுடுகாட்டு ஓரங்களில் வளர்வதால் சுடுகாட்டுப்பூ என்றும் வழங்கும். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி புற்றுநோய் மருத்துவத்தில் பெருந்திருப்பம் உண்டாக்கியது. ஒரு செடி எவ்வாறு மருந்தாகிறது என்பதையும், ‘புற்றுநோய் எதிர்ப்புத் திறன்’ என்னும் தொடர் எந்த அளவுக்குப் பொருள் தரும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலை மருந்தான வரலாறு

ஜமைக்காத் தீவு மக்கள் இதன் இலையைக் கொதிக்கவைத்து நீரிழிவுக்குப் பருகி வந்தனர். அதன் உண்மையறிய 1952-இல் அங்கிருந்து இலைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழக அறிஞர் இராபர்ட் நோபிள் அச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழிச் செலுத்தியபோதோ எலிகளின் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்தன. வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது பயன்படக்கூடும் என்னும் எண்ணம் அங்கே பிறந்தது. நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளை வெளிப்படுத்தினர். பின்னர் அமெரிக்காவின் லில்லி மருந்து நிறுவனத்தார் பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963-இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. உயிரணு இரண்டாகப் பிரிவதைத் தடுப்பது இவற்றின் செயல். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் கூட்டு மருந்துகளுள் வின்கிரிஸ்டின் இன்றும் இடம்பெறுகிறது.

இம்மருந்தில் ஒரு கிராம் பெற நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பது எண்ணத்தக்கது. இலை வேறு, இலையிலுள்ள மருந்து வேறு.

சோதிக்கும் முறை

இன்று கல்லூரி ஆய்வகங்களில் மூலிகைகள் சோதிக்கப்படும் முறையைச் சுருங்கக் காண்போம். முதலில் செடியின் இனத்தைத் தாவரவியலார் உறுதி செய்வர். பின் அதனை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுப்பர்.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை அறிய டி.பி.பி.எச். என்னும் ஊதாநிறப் பொருளைப் பயன்படுத்துவர். சாறு திறனுடையதாயின் ஊதா நிறம் வெளுத்து மஞ்சளாகும். புற்றணுக்களின்மேல் சாற்றின் விளைவை அறிய எம்.டி.டி. சோதனை உதவும். இங்கே உயிருள்ள அணுக்கள் மஞ்சள் நிறப் பொருளை ஊதாவாக்கும். அணுக்கள் மடிந்திருப்பின் ஊதா குறையும். அணுக்களின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் அளவைக் கணக்கிட்டுச் சாற்றின் வலிமையை உரைப்பர். அவ்வளவு குறையக் குறைய வலிமை மிகுதி எனக் கொள்க.

எல்லை எது?

கிண்ணத்தில் புற்றணுவைக் கொல்வது அரிதன்று. உப்பு மிகுந்தாலும் அது மடியும். நல்ல அணுவை விட்டுப் புற்றணுவை மட்டும் தாக்குகிறதா, உடலுக்குள் சென்றபின் சிதையாமல் உரிய இடத்தை அடைகிறதா, ஈரலும் சிறுநீரகமும் அதனைத் தாங்குமா என்னும் வினாக்களுக்குக் கிண்ணம் விடை தராது.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்புக்கும் இது பொருந்தும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. காக்கும் எனக் கருதிக் கொடுக்கப்பட்ட பீட்டா கரோட்டின் மாத்திரையை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது. சோதனைக் குழாயில் நன்மை செய்வது மனித உடலிலும் நன்மையே செய்யும் என்பதற்கு உறுதியில்லை.

இவ்வுண்மையை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் இப்னு சீனா. மருத்துவ விதிகள் பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் பகுதியில் மருந்தைச் சோதிக்கும் நெறிகளை அவர் வகுத்தார். மருந்து கலப்பற்றிருத்தல் வேண்டும். விளைவு மீண்டும் மீண்டும் காணப்படல் வேண்டும். சிங்கத்திடமும் குதிரையிடமும் கண்ட பயன் மனிதனுக்கு ஆகாமல் போகலாம் ஆதலின், மனித உடலிலேயே அது மெய்ப்பிக்கப்படல் வேண்டும் என்பன அவற்றுட் சில.

சொல்லின் பொறுப்பு

நபிமொழியால் சிறப்புற்ற கருஞ்சீரகம் நம் இல்லங்களில் போற்றப்படுகிறது. அதிலுள்ள தைமோகுயினோன் ஆய்வகத்தில் புற்றணுக்களைத் தடுத்ததாகப் பல ஆய்வுகள் உரைக்கின்றன. ஆயினும் புற்றுநோய் மருந்தாக அது ஒப்புதல் பெறவில்லை. நம்பிக்கையோடு உண்பது ஒன்று. அதனை நம்பி மருத்துவத்தைக் கைவிடுவது மற்றொன்று. ‘புற்றணுவின் வளர்ச்சியைக் கிண்ணத்தில் தடுத்தது’ என்னும் ஆய்வுமுடிவு, செய்தியாகும்போது ‘புற்றுநோயைக் குணப்படுத்தும்’ என மாறிவிடுகிறது. இடையில் விழுந்துபோன ‘கிண்ணத்தில்’ என்ற ஒரு சொல்லுக்காக, கட்டி சிறிதாயிருக்கும்போதே மருத்துவமனை செல்ல வேண்டியவர் கசாயம் பருகிக் காலத்தைக் கடத்துகிறார். நித்தியகல்யாணி இலையைக் கசாயமாக்கிப் பருகுவதோ கேடு பயக்கும். அதன் மருந்து நரம்பைத் தாக்கவல்லது. மருத்துவர் அளவறிந்து இரத்தக் குழாய்வழிச் செலுத்துவதற்கே உரியது.

முடிவுரை

அறிவியலைத் தமிழில் தருவோம் என முன்வரும் மாணவர்கள், கலைச்சொல்லைத் தேடுவதோடு நின்றுவிடலாகாது. சோதனை நடந்தது கிண்ணத்திலா, எலியிலா, மனிதரிடத்திலா என ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதுதல் வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் வட்டாரப் புற்றுநோய் மையம் உள்ளது. நோயுற்றவரை அத்தகைய மையத்துக்கு விரைந்து செல்லத் தூண்டுவதாக நம் எழுத்து அமையட்டும். அவர் கால்களைக் கட்டிப்போடும் எழுத்து எத்துணை இனிய தமிழாயினும் பிழையுடையதே.