மல்டி-மோட்டார் போர்டு கைக்கு வந்தால்: மதிப்பிடுவது எப்படி, மதிப்பு பெறுவது எப்படி

பவர் சீட் ப்ராஜெக்ட் ஒன்று வரப்போகிறது. மேனேஜர் ஒரு அட்டைப்பெட்டியை உங்கள் டேபிளில் வைத்துவிட்டு, "இந்த போர்டு நமக்குச் சரிப்படுமா, பார்த்துச் சொல்லுங்க" என்கிறார். பலரும் செய்வது இதுதான்: டெமோ சாஃப்ட்வேரை ஏற்றுவார்கள், மோட்டாரைச் சுற்றவிடுவார்கள், வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். டெமோவில் மோட்டார் சுற்றத்தான் செய்யும். சுற்றாத டெமோவை எந்த சிப் கம்பெனியும் அனுப்பாது. உங்களிடம் கேட்டது வேறு: இந்த சிப்பை நம்பிப் பல வருடம் விற்கப்போகும் ஒரு ப்ராடக்ட்டில் இறங்கலாமா? அதற்கு எண்களோடு பதில் சொல்பவருக்குத்தான் அடுத்த டிசைன் மீட்டிங்கில் நாற்காலி.

1. பெட்டியைப் பிரிக்கும் முன் கேள்வியை எழுதுங்கள். எத்தனை மோட்டார்? பிரஷ் வைத்த டிசி மோட்டாரா, பிஎல்டிசியா? எல்லாவற்றையும் விட முக்கியமாக, எத்தனை மோட்டார் ஒரே சமயத்தில் ஓட வேண்டும்? மெமரி சீட்டில் முன்-பின், சாய்வு, உயரம், டில்ட் என்று நான்கு மோட்டார் இருக்கலாம். மெமரி பட்டனை அழுத்தினால் நான்கும் சேர்ந்து நகருமா, ஒன்றன்பின் ஒன்றாகவா? சிஸ்டம் இன்ஜினியரிடம் போய்க் கேளுங்கள். இந்த ஒரு பதிலில் போர்டு தேர்வே தலைகீழாக மாறலாம்.

2. "மல்டி" என்ற சொல்லை பிரவுச்சரில் பார்த்து மயங்காதீர்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் டிஆர்வி8718-க்யூ1 இந்த வேலைக்கென்றே வந்த கேட் டிரைவர். அதில் எட்டு ஹாஃப்-பிரிட்ஜ் உண்டு. ஒரு டிசி மோட்டாரை இரு திசையிலும் ஓட்ட இரண்டு வேண்டும். ஆக, தனித்தனியாக ஓட்டினால் நான்கு மோட்டார். ஒரு ஹாஃப்-பிரிட்ஜைப் பொதுவாக வைத்துப் பகிர்ந்தால் ஏழு வரை இணைக்கலாம். ஆனால் அந்த ஏழையும் நினைத்த நேரத்தில் நினைத்த திசையில் ஓட்ட முடியாது. அதோடு, கரன்ட் அளக்கும் ஆம்ப்ளிஃபையர் இரண்டுதான். நான்கு மோட்டாரும் ஓடும்போது எது முட்டி நின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முதல் நாளே இதைக் கேட்டால் உங்கள் பெயர் நினைவில் நிற்கும்.

3. லோடு இல்லாமல் எடுத்த ரீடிங்கை ரிப்போர்ட்டில் போடாதீர்கள். மோட்டாரின் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் அரை ஓம் என்றால், 12 வோல்ட்டில் அது முட்டி நிற்கும்போது 24 ஆம்பியர் வரை இழுக்கப் பார்க்கும். சும்மா சுற்றும்போது இழுப்பது அதில் ஒரு சிறு பங்குதான். ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்தி அளந்து பாருங்கள். கையால் அல்ல, கிளாம்ப் போட்டு. பத்து நிமிடம் லோடில் ஓடிய பிறகு மாஸ்ஃபெட் எவ்வளவு சூடாகிறது என்று தெர்மல் கேமராவில் பாருங்கள். மாஸ்ஃபெட் சூடேறினால் அதன் ஆன்-ரெசிஸ்டன்ஸும் ஏறும். அதனால் சூடு இன்னும் கூடும். ஏசி லேபில் ஜம்மென்று ஓடும் போர்டு, சீட்டுக்கு அடியில் மூடிய டப்பாவுக்குள் அதே மாதிரி ஓடாது.

4. இப்போது எல்லா மோட்டாரையும் சேர்த்து ஓட்டுங்கள். போர்டின் சாயம் வெளுக்கும் இடம் இதுதான். அவசரப்படாமல் நேரம் கொடுங்கள்.

சீட்டை விட்டு வேறு ஒரு உதாரணம்: கூலன்ட் பம்பு, ஃபேன் என்று இரண்டு பிஎல்டிசி மோட்டாரை ஒரே கன்ட்ரோலர் ஓட்டுவதாக வையுங்கள். பிடபிள்யூஎம் 20 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 50 மைக்ரோசெகண்ட். எஃப்ஓசி கணக்கு ஒவ்வொரு மோட்டாருக்கும் 15 மைக்ரோசெகண்ட் எடுத்தால், இரண்டுக்கும் சேர்த்து 30. அதாவது பிராசஸரில் 60 சதவீதம் அதற்கே போய்விடும். கேன் கம்யூனிகேஷன், டயக்னாஸ்டிக்ஸ், சேஃப்டி செக் எல்லாம் மிச்சமுள்ள 20 மைக்ரோசெகண்டுக்குள் அடங்க வேண்டும். சப்ளையர் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இன்டரப்ட்டின் ஆரம்பத்தில் ஒரு பின்னை ஹை ஆக்குங்கள், முடிவில் லோ ஆக்குங்கள். ஸ்கோப்பில் அந்தப் பல்ஸின் அகலத்தை அளந்தால் உண்மை தெரியும். சராசரியை விட்டுவிடுங்கள், பெர்சிஸ்டன்ஸ் மோடில் அரை மணி நேரம் ஓடவிட்டு, மிக அகலமான பல்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இரண்டு மோட்டாரின் பிடபிள்யூஎம்மையும் 25 மைக்ரோசெகண்ட் தள்ளி வைக்க சிப் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தால் இரண்டு இன்டரப்ட்டும் முட்டிக்கொள்ளாது. இன்புட் கபாசிட்டர் மேல் விழும் ரிப்பிளும் பொதுவாகக் குறையும்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. முதல் மோட்டாரில் பிடபிள்யூஎம் ஓடட்டும், ஆனால் கரன்ட் பூஜ்யத்தில் இருக்கட்டும். இரண்டாவதை முழு லோடில் ஓட்டுங்கள். முதல் மோட்டாரின் ஏடிசி ரீடிங் எவ்வளவு ஆடுகிறது? என்எக்ஸ்பி போர்டு என்றால் ஃப்ரீமாஸ்டர் என்ற டூலில் ஓடும்போதே இதைப் பார்த்துவிடலாம். நிறைய ஆடினால் ஷன்ட்டின் கிரவுண்ட் பாதையில் ஏதோ கோளாறு. சில சமயம் கோளாறு உங்கள் ப்ரோபில் இருக்கும். நீளமான கிரவுண்ட் வயரைக் கழற்றி, குட்டி ஸ்ப்ரிங் போட்டு மறுபடி பாருங்கள். இதைச் செய்யாமல் லேஅவுட் டீமைக் குறை சொல்லி மெயில் போட்டால், திரும்பி வரும் பதில் எல்லோர் இன்பாக்ஸிலும் இருக்கும்.

5. திடீர் பிரேக் போடுங்கள். ஓடும் மோட்டாரை வேகமாகக் குறைத்தால் அது ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். கார் பேட்டரி அதை வாங்கிக்கொள்ளும். சாதாரண பெஞ்ச் சப்ளை வாங்காது. பஸ் வோல்டேஜ் எகிறும். போர்டை எரித்துவிட்டு "போர்டு சரியில்லை" என்று எழுதும் ரிப்போர்ட்டுகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான். பேட்டரியை இணைத்துச் செய்யுங்கள்.

6. கார் ஸ்டாண்டர்டுகளைப் போர்டோடு பொருத்திப் படியுங்கள். ஐஎஸ்ஓ 16750-2 ஜம்ப் ஸ்டார்ட்டுக்கு 24 வோல்ட்டை 60 நொடி தாங்கச் சொல்கிறது. 12 வோல்ட் வண்டியில் லோடு டம்ப் வந்தால், ஆல்டர்னேட்டரில் தடுப்பு இருந்தால் 35 வோல்ட், இல்லையென்றால் 79 முதல் 101 வோல்ட் வரை. மேலே சொன்ன டிஆர்வி8718-க்யூ1 தாங்கும் உச்சம் 40 வோல்ட். உங்கள் கஸ்டமர் எந்த டெஸ்ட் கேட்கிறார் என்று தெரியாமல் அந்த சிப்பை ஓகே செய்ய முடியுமா? சிப்புக்கு ஏஇசி-க்யூ100 இருந்தால், போர்டில் உள்ள கனெக்டரும் கபாசிட்டரும் கார் தரம் என்று ஆகிவிடாது. சிஸ்பர் 25 எமிஷன் டெஸ்ட்டை டெவலப்மென்ட் போர்டில் எடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். சொந்த போர்டு வந்தபிறகு ஒரகடத்து ஜிஏஆர்சி மாதிரி ஒரு லேபுக்குப் போகலாம்.

7. சாஃப்ட்வேர் லைசென்ஸைப் படியுங்கள். மோட்டார் லைப்ரரி சோர்ஸோடு வருகிறதா, பைனரியாகவா? கம்பைலர் இலவசமா? ஆட்டோசார் எம்-கால் டிரைவருக்குத் தனிக் காசா? சிப் எத்தனை வருடம் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். என்எக்ஸ்பி தன் லாஞ்சிவிட்டி ப்ரோக்ராமில் இருக்கும் சிப்புகளுக்குக் குறைந்தது 10 அல்லது 15 வருடம் சொல்கிறது. இந்தப் பத்தியில் இருப்பதெல்லாம் இன்ஜினியர்களுக்குச் சலிப்பு. பர்ச்சேஸ் ஹெட்டுக்கு முதல் கேள்வியே இதுதான்.

8. சப்ளையரின் எஃப்ஏஇயை (ஃபீல்ட் அப்ளிகேஷன் இன்ஜினியரை) ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். "வேலை செய்யல சார்" என்று மெயில் போடாதீர்கள். வேவ்ஃபார்ம், ரெஜிஸ்டர் வேல்யூ, ஃபர்ம்வேர் வெர்ஷன் மூன்றையும் வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சீக்கிரம் வரும். பல கம்பெனிகளுக்குள் போய்வரும் ஆள் அவர். எங்கே எந்த டீம் ஆள் எடுக்கிறது என்பது ஹெச்ஆருக்கு முன்னால் அவர் காதுக்குப் போகும்.

9. ரிப்போர்ட் ஒரு பக்கம். மேலே முடிவு, கீழே எண்கள், அதற்கும் கீழே ரிஸ்க். வேவ்ஃபார்ம் எல்லாம் பின்னிணைப்பில். பக்கத்து டீம் வேறு சப்ளையரின் போர்டைத் தூக்கிப் பிடித்தால் வாக்குவாதம் வேண்டாம். அதே மோட்டார், அதே லோடு, அதே டெஸ்ட்டை அதிலும் ஓட்டி முடிவுகளை இரண்டு நெடுவரிசையாகப் போட்டு வையுங்கள். மீட்டிங்குக்கு முந்தைய மாலையே மேனேஜருக்கு ஒரு காப்பி போகட்டும். எல்லோர் முன்னாலும் புதிதாகக் கேள்விப்படுவதை எந்த மேனேஜரும் ரசிப்பதில்லை.

ரெஸ்யூமேவில் "மோட்டார் கன்ட்ரோல் போர்டில் பணியாற்றினேன்" என்று எழுதாதீர்கள். "இரண்டு பிஎல்டிசி மோட்டார், 20 கிலோஹெர்ட்ஸ், ஒரே கோர், கன்ட்ரோல் லூப் நேரத்தை அளந்து சிப்பைப் பரிந்துரைத்தேன்" என்று எழுதுங்கள். கஸ்டமர் பெயர், ப்ராஜெக்ட் பெயர் மட்டும் வேண்டாம். இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்திருப்பவர் அந்த ரகசியத்தைக் கேட்டு ரசிப்பார், பிறகு உங்களை எடுக்க மாட்டார்.