களிமண்ணில் முதல் சிற்பம்

கல்லையும் உளியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிற்பம் பழகக் களிமண்தான் தோது. மண்பாண்டம் செய்பவரிடம் கேட்டால் பக்குவப்படுத்திய மண்ணே கிடைக்கும். இரண்டு கிலோ போதும்.

உள்ளே காற்று தங்காதபடி சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசையுங்கள். விரலில் ஒட்டாமல், வளைத்தால் விரிசல் விடாமல் இருந்தால் பதம் சரி.

எடுத்த எடுப்பில் முகம் வேண்டாம் (எல்லோரும் அதில்தான் இறங்குவார்கள்!). மாம்பழம், படுத்திருக்கும் பூனை என்று திரண்ட உருவமாகப் பிடியுங்கள். திருப்பித் திருப்பிப் பார்த்து, மொத்த வடிவம் நாலா பக்கமும் அமைந்த பிறகே கண்ணும் மீசையும்.

காதும் வாலும் உதிர்வதுதான் பெரிய தொல்லை. ஒட்டும் இரண்டு பரப்பிலும் குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கெட்டியான மண்குழம்பைத் தடவி அழுத்துங்கள். வெறும் தண்ணீரை நம்பினால் காய்ந்ததும் கழன்றுவிடும்.

உருவம் தடிமனாக இருந்தால், சற்று இறுகியதும் அடிப்பக்கமாக ஸ்பூனால் குடைந்து உள்மண்ணை எடுத்துவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். பாலிதீன் பையைத் தளர்வாகப் போர்த்தி நிழலில் மெல்லக் காயவிடுங்கள். சூளையில் சுடாத பொம்மை தண்ணீரில் கரையும். பிடிக்காவிட்டால் ஊறவைத்து மறுபடி பிசையலாம், அது ஒரு வசதி. மிச்ச மண்ணை மட்டும் சிங்க்கில் கழுவிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.