நம்பிக்கைகளும் உண்மைகளும்: காலடியில் நகரும் தட்டு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைகளுக்குப் புவித்தட்டுப் பாடம் நடத்தினால், ஐந்து நம்பிக்கைகள் தவறாமல் எழும். எதையும் அதட்டி அடக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்குள்ளும் நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது.

நம்பிக்கை: தட்டுகள் கொதிக்கும் பாறைக்குழம்பின் மேல் மிதக்கின்றன.

உண்மை: தட்டுகளுக்குக் கீழே இருப்பது ஏறத்தாழ முழுக்கத் திடப் பாறை. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்தில் செல்லாதவை. அவை கவசம் எனப்படும் இந்தப் பாறை அடுக்கைக் கடந்து, 2,900 கி.மீ. ஆழத்தில் திரவமான வெளிக்கருவை எட்டும்போதுதான் நிற்கின்றன. திடப்பொருள் எப்படி நகரும்? ரோடு போடும் இடத்தில் கிடக்கும் இறுகிய தாரைக் காட்டுங்கள். சுத்தியால் அடித்தால் உடையும். சாய்த்து வைத்தால் நாள்பட வழியும்.

நம்பிக்கை: இந்தியத் தட்டு மெரினாவில் முடிகிறது.

உண்மை: வங்கக்கடலின் தரையும் நம் தட்டுதான். அதன் கிழக்கு விளிம்பு அந்தமான், சுமத்ரா பக்கம் இருக்கிறது. அங்கே நம் தட்டு அடுத்த தட்டின் கீழ் நுழைகிறது. 2004 டிசம்பர் 26 காலை அந்த விளிம்பு முறிந்து 9.1 அளவு நிலநடுக்கம் எழுந்தது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் சுனாமி சென்னைக்கு வந்துவிட்டது.

நம்பிக்கை: விளிம்பு தொலைவில் இருப்பதால் சென்னைக்கு நிலநடுக்க ஆபத்தே இல்லை.

உண்மை: ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகரும் நம் தட்டு ஆசியாவை முட்டும் அழுத்தம், தட்டின் நடுவிலுள்ள பழைய பிளவுகளிலும் சேர்கிறது. 1993இல் நிலநடுக்கம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட மகாராஷ்டிரத்து லாத்தூர், அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள பகுதி. 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் எழுந்த அதிர்வைச் சென்னையும் உணர்ந்தது. 2002இல் நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதிர்ந்தால் மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளும் பயிற்சியும் இந்தப் பாடத்தில் சேர்த்திதான்.

நம்பிக்கை: இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒன்றாயிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்தபோதுதான் லெமூரியா என்ற குமரிக்கண்டம் மூழ்கியது.

உண்மை: மடகாஸ்கரின் லெமூர் இன விலங்குகளையும் இந்தியாவையும் இணைத்து விளக்க, 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்க்ளேட்டர் கற்பித்த நிலமே லெமூரியா. கண்டங்கள் நகராது என்று நம்பிய காலம் அது. அவை நகர்ந்தன என்று தெரிந்த பிறகு மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை. அண்டார்டிகாவை விட்டு நாம் பிரிந்தது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் மனித இனத்தின் வயதோ சுமார் 3 லட்சம் ஆண்டுகள். ஆனால் கடல் நிலத்தைக் கொண்டது பொய்யில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு பனி உருகி, கரையோர நிலத்தைக் கடல் மூடியது. அதற்குக் காரணம் தட்டுகள் அல்ல.

நம்பிக்கை: தட்டு நகர்ந்ததற்குச் சான்று பார்க்க இமயமலைக்குத்தான் போக வேண்டும்.

உண்மை: பல்லாவரம் போதும். அந்த மலைக்கல் கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போனது. அவர் பெயராலேயே புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். ஒரு காலத்தில் நம்மோடு ஒட்டியிருந்த இலங்கையிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் இதே இனப் பாறை உண்டு. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். கோண்டுவானா பிளந்துகொண்டிருந்த காலத்தில் இந்தக் கரையோரப் பள்ளங்களில் படிந்த சேறு, அங்கே டைலோஃபில்லம் என்ற செடியின் இலைத்தடங்களோடு பாறையாக இறுகியிருக்கிறது.

ஆசிரியர்களே, அடுத்த வகுப்பில் பாடப்புத்தகத்தைத் திறக்குமுன் பல்லாவரத்துக் கல் ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அண்டார்டிகா எங்கே இருக்கிறது என்று அவர்களே கேட்பார்கள்.