பங்கு பிரிப்பது எப்படி? வருமான ஏற்றத்தாழ்வு பற்றி ஒரு பாடம்

கரைவலையில் மீன் பட்டால் அதைப் பங்கு பிரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. குச்சவெளி முதல் உப்புவெளி வரையுள்ள கரைகளில் இவ்வழக்கம் இடத்துக்கு இடம் சிறிது மாறினாலும் அடிப்படை ஒன்றே. விற்ற பணத்தில் முதலில் செலவு கழியும். மிகுதியில் பெரும் பங்கு, பல இடங்களில் பாதி, வலையும் தோணியும் பாட்டு உரிமையும் உடைய சம்மாட்டிக்குப் போகும். எஞ்சியதை வலை இழுத்தவர்கள் தமக்குள் பிரித்துக்கொள்வர். முதல் போட்டவருக்கு ஏன் இவ்வளவு, இழுத்தவருக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கத் தொடங்கிய உடனேயே நாம் வருமானப் பங்கீட்டு அரசியலுக்குள் வந்துவிடுகிறோம். உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்சினால் வலை இழுக்கும் முறை பரவியபோது ஆட்களின் தேவை குறைந்தது. உழைப்பவரின் பேரம் பேசும் பலமும் அத்துடன் குறைந்தது. நாட்டுப் பொருளாதாரத்திலும் இதுவே பெரிய அளவில் நடக்கிறது.

ஏற்றத்தாழ்வை எவ்வாறு அளப்பது என்பதை முதலில் பார்ப்போம். ஓர் ஒழுங்கையில் பத்துக் குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களின் மாத வருமானம் ஆயிரம் ரூபாக் கணக்கில் 20, 25, 30, 35, 40, 45, 50, 60, 80, 215. மொத்தம் 600, சராசரி 60. ஆனால் ஏழு குடும்பங்கள் இந்தச் சராசரிக்குக் கீழேதான் உள்ளன. ஆகவே "சராசரி வருமானம் உயர்ந்துள்ளது" என்று மேடையில் ஒருவர் சொன்னால், யாருடைய வருமானம் உயர்ந்தது என்று கேட்க வேண்டும். இவ்வொழுங்கையில் கீழேயுள்ள இரு குடும்பங்களுக்குக் கிடைப்பது மொத்தத்தில் 7.5 வீதம், மேலேயுள்ள இரு குடும்பங்களுக்கு ஏறக்குறைய 49 வீதம்.

இலங்கை முழுவதையும் எடுத்தால் நிலைமை இதைவிட மோசம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவினக் கணிப்பீட்டின்படி, மேலேயுள்ள ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் பெற்றன. கீழேயுள்ள ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தது 5 வீதத்துக்கும் குறைவு.

இவ்வேற்றத்தாழ்வை எண்ணில் சொல்ல ஜினி குணகம் என்றொரு அளவு உண்டு. எல்லோருக்கும் ஒரே வருமானமென்றால் அது 0. எல்லாம் ஒருவர் கையிலென்றால் 1. மத்திய வங்கியின் கணிப்பீடுகளில் இலங்கைக் குடும்பங்களுக்கான அளவு 1973இல் 0.35 ஆக இருந்து 1978/79இல் 0.44 ஆக ஏறியது. 2019இல் 0.46. அரசியல் வாதங்களில் பெரும்பகுதி இந்த எண்களுக்கு என்ன பொருள் கொள்வது என்பதிலேயே இருக்கிறது.

1970இல் வந்த ஐக்கிய முன்னணி அரசு 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய வயற்காணி 25 ஏக்கர், ஏனைய காணி 50 ஏக்கர். 1973இல் வீடுகளுக்கும் உச்சவரம்பு வந்தது. இதனால் இடைவெளி குறைந்தது என்று இடதுசாரிகள் சொல்வர், 1973இன் 0.35 அவர்களுக்குச் சான்று. அதே காலத்தில் பாணுக்கும் சீலைக்கும் வரிசையில் நின்றவர்களுக்கோ வேறு நினைவு உண்டு. 1977இன் பின் வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசு திறந்த பொருளாதாரத்தை ஏற்றது. முதலில் உற்பத்தி பெருகட்டும், பெருகினால் எல்லோருக்கும் கிடைக்கும் என்பது அதன் வாதம். கடைகளில் பொருள் வந்தது, வேலைகளும் வந்தன, கூடவே இடைவெளியும் விரிந்தது. ஒரு பக்கம் சொல்வது முழுப்பொய்யென்று தள்ளிவிட இங்கு இடமில்லை. ஆயினும் பெருகியது தானாகக் கீழே வழிந்துவரவில்லை என்பதற்கு நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட சான்று நம்மிடம் உண்டு.

ஏழைக்குக் கைகொடுப்பது எப்படி என்பது இரண்டாவது விவாதம். எல்லோருக்கும் கொடுப்பதா, தெரிந்தெடுத்த சிலருக்கா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு எல்லோருக்கும் உரியதாயிருந்தது. 1953இல் கொத்து 25 சதமாயிருந்த பங்கீட்டு அரிசியை அரசு 70 சதமாக உயர்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12இல் நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. அதன்பின் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். எல்லோருக்கும் உரியதில் கைவைத்தால் எல்லோரும் எழுவர் என்பதை அரசியல்வாதிகள் அன்று கற்றனர்.

1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே பங்கீடு என்றாகி, 1979இல் அது உணவு முத்திரையாக மாறியது. முத்திரையில் அச்சடித்த தொகை அப்படியே நிற்க விலைவாசி ஏறியது. சில ஆண்டுகளிலேயே அதன் வாங்கும் பலம் வெகுவாகத் தேய்ந்தது. ஆனால் ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை. ஏழைக்கு மட்டும் உரியதாகிவிட்ட ஒன்றுக்காகக் குரல் கொடுப்போர் குறைவு.

பின்னர் 1989இல் பிரேமதாச அரசின் ஜனசவிய வந்தது. குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா இரண்டு ஆண்டுகளுக்கு. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு, 1,042 ரூபா கட்டாய சேமிப்புக்கு. 1995இல் சமுர்த்தி வந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த உலக வங்கி ஆய்வொன்றின்படி, மிக வறிய ஐந்தில் ஒரு பகுதியினருள் ஏறக்குறைய 40 வீதமானோர் சமுர்த்தியில் சேர்க்கப்படவில்லை. உதவிப் பணத்தில் கணிசமான பகுதி அவ்வளவு வறுமையில்லாதவர்களுக்குப் போயிற்று. பட்டியல் எழுதும் கை யாருடையது என்ற கேள்வி இங்கு எழுகிறது.

2023 யூலையில் அஸ்வெசும தொடங்கியபோது, பட்டியலைக் கட்சிக்காரர் கையிலிருந்து எடுத்து அளவுகோலிடம் கொடுப்பதாகச் சொல்லப்பட்டது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 சுட்டிகள் வைத்துப் புள்ளியிடப்பட்டது. இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். அளவுகோல் பக்கம் சாய்வதில்லை, ஆனால் அதற்குக் கண்ணுமில்லை. கல்வீடு ஒன்று கிடைத்திருக்கிறது என்பதற்காக, போரில் கணவனை இழந்து கூலிவேலை செய்யும் பெண் வசதியுள்ளவளாகிவிடுவதில்லை. 2025இல் மிக வறியோருக்கான தொகை 15,000இலிருந்து 17,500 ரூபாவாகவும், வறியோருக்கானது 8,500இலிருந்து 10,000 ரூபாவாகவும் உயர்ந்தது.

திருகோணமலைக்கு இங்கு தனியாக ஒரு சொல் உண்டு. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கு பல கணிப்பீடுகளில் சேர்க்கப்படவில்லை. 2006/07ஆம் ஆண்டுக் கணிப்பீட்டில் வட மாகாணத்துடன் திருகோணமலை மாவட்டமும் விடப்பட்டது. சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்து அகதி முகாம்களில் இருந்த காலம் அது. எண்ணப்படாதவரின் வறுமை சராசரியில் ஏறாது. இத்தனைக்கும் இம்மாவட்டம் வளமற்றதல்ல: இயற்கைத் துறைமுகம், சீனக்குடாவில் மாவு ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும், சீமெந்துத் தொழிற்சாலை, புல்மோட்டையில் இல்மனைற்று மணல். சம்பூரில் காணி இழந்தவர்களுக்குப் பகுதி பகுதியாக அது திரும்பக் கிடைக்கப் பத்தாண்டு சென்றது. பத்தாண்டு பயிரிடாத குடும்பத்துக்கும் பயிரிட்ட குடும்பத்துக்கும் உள்ள இடைவெளியை மாதாந்த உதவித்தொகை நிரப்பாது. காணி, பாட்டு உரிமை, கடன், தொழிற்பயிற்சி ஆகியவை பற்றிய பேச்சும் ஏற்றத்தாழ்வு பற்றிய பேச்சே.

மூன்றாவது விவாதம் வரி பற்றியது. இது பலருக்குச் சலிப்பூட்டும், ஆனால் இதிலேதான் பணம் இருக்கிறது. பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனையின்படி 1959இல் செல்வ வரியும் செலவு வரியும் இலங்கையில் வந்தன; பின்னர் அவை கைவிடப்பட்டன. 2019 முடிவில் வருமான வரியும் பெறுமதி சேர் வரியும் பெரிதாகக் குறைக்கப்பட்டன. நெருக்கடி வந்தபின் பெறுமதி சேர் வரி படிப்படியாக ஏறி 2024 சனவரியில் 18 வீதமாயிற்று. இதை ஒரு கணக்கில் பார்ப்போம். மாதம் 40,000 ரூபா வருமானமுள்ள குடும்பம் வரிக்குரிய பொருள் 10,000 ரூபாவுக்கு வாங்கினால் 1,800 ரூபா வரி, அதாவது வருமானத்தில் 4.5 வீதம். மாதம் 400,000 உழைக்கும் குடும்பம் அத்தகைய பொருள் 50,000 ரூபாவுக்கு வாங்கினால் 9,000 ரூபா வரி, அதாவது 2.25 வீதம். தொகையில் பணக்காரர் கூடக் கட்டுகிறார்; சுமையில் ஏழை கூடத் தாங்குகிறார். "நாங்கள் வரி கட்டுவதில்லையே" என்று கிராமக் கூட்டங்களில் சொல்வோர் கடைச் சிட்டையைப் பார்க்கட்டும். நேர்வரியைக் கூட்டினால் முதலீடு ஓடிவிடும், படித்தவர் நாட்டைவிட்டுப் போவர் என்பது எதிர்வாதம். 2023இல் வருமான வரி உயர்ந்தபின் வைத்தியர்கள் பலர் வெளியேறியதை அவர்கள் காட்டுவர். அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் வருமானத்துக்கு வரி, சேர்ந்த சொத்துக்கு வரி என்ற இரண்டும் வேறு வேறு; சம்பளக்காரர் அழுத்தப்படும்போது நிலமும் மாடியும் தப்பிக்கொள்வதையே முதலில் பேசவேண்டும்.

சங்கக் கூட்டத்தில் இப்பாடத்தை எடுப்போர் பத்துக் குடும்பக் கணக்கைக் கரும்பலகையில் எழுதித் தொடங்கலாம். பின் உங்கள் கிராம அலுவலர் பிரிவில் அஸ்வெசும கிடைத்தோரையும் கிடைக்காதோரையும் நினைவில் எடுங்கள். கூட்டத்தில் பெயர் சொல்ல வேண்டாம். விடுபட்டவருக்கு எந்தச் சுட்டி எதிராக நின்றிருக்கும்? மீண்டும் விண்ணப்பம் கோரப்படும்போது பிரதேச செயலகத்துக்கு எடுத்துச் செல்ல அவரிடம் என்ன ஆவணம் உண்டு? எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை அவருடன் அனுப்பி வையுங்கள்.