பாலர்க்கேற்ற வண்ணப் படநூல்கள்

நங் கல்லூரியின் விழா ஆண்டை முன்னிட்டு, ஆரம்பப் பிரிவு நூலகத்திற்குத் தம் பெயரால் நூல்கள் வழங்க விரும்பும் பழைய மாணவர் பலர், எவ்வகை நூல்களை வாங்கலாமென எம்மை வினாவியுள்ளனர். கொழும்பிலிருந்து வினாவியோரும் உளர். இலண்டனிலும் ரொறன்ரோவிலுமிருந்து வினாவியோரும் உளர். அவர்களுள் மிகப் பலர், நிறங்களைக் கற்பிக்கும் படநூல்களையே முதலிற் குறிப்பிடுகின்றனர். அஃது இயல்பே. புத்தகக் கடையில் முதலிற் கண்ணைக் கவர்வன அவையே. ஆயினும், கண்ணைக் கவர்வன யாவும் பாலர் கருத்திற் பதிவனவல்ல. ஆதலின், இப்பொருள் பற்றி யாம் கற்றவற்றையும் வகுப்பறையிற் பட்டறிந்தவற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

படத்தின் வாயிலாகப் பாலர்க்குப் பாடஞ் சொல்லும் முறை புதியதன்று. கொமேனியஸ் என்னுங் கல்வியறிஞர் 1658 ஆம் ஆண்டில், செருமனியிலுள்ள நூரம்பேர்க் நகரில், உலகப் பொருள்களைப் படத்திற் காட்டும் பாடநூலொன்றை வெளியிட்டார். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்ணிட்டு, அவ்வெண்களையே இலத்தீன், செருமன் ஆகிய இருமொழிச் சொற்களின் அருகிலும் அமைத்தார். அப்படங்கள் மரச்செதுக்குப் படங்கள், நிறமற்றவை. எனினும், பொருளைக் காட்டிய பின்னரே சொல்லைக் கற்பித்தல் வேண்டுமென்னும் அவர் கொள்கை, நிறங்களைக் கற்பிப்பார்க்கும் உரியதே.

'பந்து' என்னுஞ் சொல்லைக் குழந்தை விரைவிற் கற்கின்றது. 'சிவப்பு' என்னுஞ் சொல்லையோ பலமுறை கேட்டும் மயங்குகின்றது. காரணம் யாது? பந்தைக் கையில் எடுக்கலாம். சிவப்பைத் தனியே எடுத்தல் இயலாது. பண்பு பண்பியை விட்டுத் தனித்து நில்லாதென்பது நம் இலக்கண வகுப்பில் மேல்நிலை மாணவர்க்கே விளக்கி உரைக்கப்படுவதொன்று. அதனை நான்கு வயதுக் குழந்தை எவர் உதவியுமின்றித் தானே உணர்ந்துகொள்ள வேண்டியுள்ளது. நல்ல படநூலின் பணி, இவ்வுணர்வு பிறத்தற்கு வழி காட்டுதலே. ஒரே நிறத்தைப் பல பொருள்களிலும், ஒரே பொருளைப் பல நிறங்களிலுங் காட்டும் நூல் அப்பணியைச் செய்யும். சிவந்த பழம் ஒன்றை மட்டும் வரைந்து அதன் கீழே 'சிவப்பு' என எழுதிவிடும் நூலைக் கண்ட குழந்தை, சிவப்பென்பது பழத்தின் மற்றொரு பெயரென எண்ணவுங் கூடும்.

இனி, நூலைத் தேர்தற்கு யாம் கைக்கொள்ளும் அளவைகளை முறையே கூறுவோம்.

முதலாவது, படத்திலுள்ள பொருள் குழந்தைக்கு முன்னரே பழக்கமானதாதல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் குழந்தைக்குச் செவ்வரத்தம் பூவும் செம்பாட்டு மண்ணும் சிவப்பு. கொன்றைப் பூ மஞ்சள். தும்பைப் பூ வெள்ளை. பனம்பழத்தின் புறம் கறுப்பு, அகம் செம்மஞ்சள். உறைபனியைக் காட்டி வெண்மையைக் கற்பிக்கும் நூல் இங்குள்ள குழந்தைக்கு இரண்டு புதுமைகளை ஒருங்கே சுமத்துகின்றது. ஆயின், ரொறன்ரோவிற் பிறந்த நம்மவர் குழந்தைக்கு உறைபனியே வெண்மைக்குக் கண்கூடான சான்று. தும்பைப் பூவே அயலது. எனவே, நூல் வாங்குவோர் அந்நூலை விரிக்கப்போகுங் குழந்தை எந்த முற்றத்தில் விளையாடுகின்றதென்பதை முதலில் எண்ணுவாராக.

இரண்டாவது, அச்சிலுள்ள நிறம் உண்மை நிறமாதல் வேண்டும். மலிந்த பதிப்புகள் சிலவற்றிற் செம்மஞ்சளுஞ் சிவப்பும், ஊதாவும் நீலமும் வேறுபாடின்றிக் காணப்படுகின்றன. கடையின் மின்விளக்கொளியில் மட்டும் பார்த்து முடிவு செய்யாது, வாயிலருகே பகலொளியிலும் விரித்துப் பார்த்தல் நன்று. பக்கம் முழுவதும் உருவங்களை நெருக்கி வரைந்த நூலினும், வெற்றிடம் விட்டு ஓரிரு உருவங்களைத் தெளிவாகக் காட்டும் நூல் சிறந்தது.

மூன்றாவது, சொல். தமிழகத்துப் பதிப்புகளிற் 'பழுப்பு' எனக் குறிக்கப்படும் நிறத்தை ஈழத்துப் பாடநூல்கள் 'கபிலம்' என்கின்றன. நம்மூர்க் குழந்தைக்குப் பழுப்பென்பது உதிரும் நிலையிலுள்ள இலையின் மஞ்சள் நிறம். அவ்வாறே, அங்கு 'ஆரஞ்சு' என்பது இங்குச் செம்மஞ்சள். இது பற்றி அந்நூல்களை விலக்க வேண்டுவதில்லை. படிப்பிப்போர் இரண்டு சொல்லையுஞ் சொல்லிவிடுதல் போதும். நம் மொழியின் நிறச் சொற்கள் நிறத்தை மட்டும் உணர்த்துவனவல்ல என்பதையும் நினைவிற் கொள்க. பச்சைத் தண்ணீர் பச்சை நிறமன்று, பச்சையரிசியும் அன்னதே. கரிய வெள்ளாடுகள் உள. செவ்விளநீரோ செம்மஞ்சள். 'ஏன்?' எனக் குழந்தை வினவும்பொழுது, 'பேசாதிரு' என்னாது, பச்சை என்பதற்குக் காய்ச்சாதது, வேகாதது என்னும் பொருள்களும் உண்டென விளக்குதல் வேண்டும். குழந்தை கற்கும் முதற் சொல்லாராய்ச்சி அதுவாகலாம்.

நான்காவது, சொற்கிடக்கை. இரண்டு வயதுக் குழந்தைகளைக் கொண்டு ராம்ஸ்கர் என்பாருந் துணைவருஞ் செய்து 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றுண்டு. ஆங்கிலத்தில் நிறச்சொல்லைப் பொருளின் பெயருக்கு முன்னே வைத்துச் சொல்லிக் கொடுத்தபோது குழந்தைகளிடம் முன்னேற்றங் காணப்படவில்லை. பின்னே வைத்துச் சொல்லியபோது காணப்பட்டது. பொருளின் பெயரைக் கேட்ட குழந்தையின் கண் அப்பொருளின்மீது சென்றபின் நிறச்சொல் வருதலே இதற்குக் காரணமென்பர். தமிழில் 'சிவப்புப் பந்து' எனினும் அமையும். 'பந்து சிவப்பு' எனினும் அமையும். பெயரே பயனிலையாய் நிற்கும் இவ்வாக்கியம் நம் மொழிக்கு மிக இயல்பானது. ஆகவே, பெயரை முன்னும் நிறத்தைப் பின்னுஞ் சொல்லும் நூலைத் தெரிக. அவ்வாறில்லாத நூலாயின் வாசிக்கும்பொழுது நாமே மாற்றிச் சொல்லுக. 1978 ஆம் ஆண்டில் டானா ஹோபன் என்னும் அம்மையார் வெளியிட்ட நிறநூலிற் சொற்களே இல்லை. ஒளிப்படங்களும், அவற்றின் கீழே அவ்வந்நிற வட்டங்களுமே உள்ளன. அத்தகைய நூல் எம்மொழியாருக்கும் உரியது.

ஐந்தாவது, குழந்தை மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கும் சுவை. பில் மார்ட்டின் எழுத, எரிக் கார்ல் படந்தீட்டி 1967 ஆம் ஆண்டில் வெளிவந்த கபிலநிறக் கரடி நூல், வினாவும் விடையுமாய்ச் சங்கிலி போலத் தொடர்வது. அதில் நீலக் குதிரையும் ஊதாப் பூனையும் உள. 'பொய்யைக் கற்பிக்கலாமோ?' என ஆசிரியரொருவர் எம்மிடம் கேட்டதுண்டு. குதிரையை அறிந்த குழந்தை நீலக் குதிரையைக் கண்டு நகைக்கின்றது. அந்நகைப்பே, நிறம் வேறு குதிரை வேறு எனக் குழந்தை கண்டுகொண்டமைக்கு அடையாளம். 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த லியோ லியோனியின் நூலோ நீலப் பொட்டும் மஞ்சட் பொட்டும் நண்பராகிய கதை. அவையிரண்டுந் தழுவிப் பச்சையாகிவிட, பெற்றோர் தம் பிள்ளைகளை அடையாளங் காணாது மறுக்கின்றனர். புகைவண்டியிற் செல்லுகையில் தம் பேரப்பிள்ளைகளை மகிழ்விக்க, சஞ்சிகைத் தாளைக் கிழித்து அவர் சொல்லிய கதையே பின்னர் நூலாயிற்று. இதனை வாசித்த பின், பட்டம் ஒட்டும் மெல்லிய நீலத்தாளையும் மஞ்சட்டாளையும் ஒன்றன்மேலொன்றாக வைத்து வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினால், நிறக்கலப்பென்னும் பாடம் அப்பொழுதே முடிந்துவிடும்.

இவ்வளவுங் கூறிய யாம், எமது பிழையொன்றையும் மறையாது கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன், பாலர் வகுப்பொன்றின் பொறுப்பை ஏற்றிருந்தோம். பச்சை இலைகளிடையே சிவந்த பழங்கள் தொங்கும் மரமொன்றின் படத்தைக் காட்டி, 'பழங்கள் எத்தனை?' என வினாவினோம். ஏனையோர் எண்ணிச் சொல்ல, ஆறு வயதுச் சிறுவனொருவன் விழித்து நின்றான். கவனமின்மையென எண்ணி மீண்டும் வினாவினோம். அவன் ஏதோவோர் எண்ணைச் சொன்னான், வகுப்புச் சிரித்தது. யாம் அச்சிரிப்பை அடக்கவில்லை. பாடம் முடியும்வரை அந்நூலைப் பிடித்தவாறு நிற்கவுஞ் செய்தோம். அன்றிலிருந்து அவன் படநூல் அடுக்கின் பக்கஞ் சென்றதில்லை.

அடுத்த தவணையிற் கண்பரிசோதனை நடந்தது. புள்ளிகளிடையே எண்களை மறைத்து வரைந்த அட்டைகளை அவனிடங் காட்டினர். யப்பானியக் கண்மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917 ஆம் ஆண்டில் வெளியிட்டவை அவ்வட்டைகள். ஏனையோர் கண்ட எண்கள் பல அவன் கண்ணுக்குப் புலப்படவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமையே அவன் குறை, கவனமின்மை அன்று.

விஞ்ஞான மாணவர் அணுக்கொள்கையால் அறிந்த யோன் தாற்றனுக்கும் நிறமயக்கம் இருந்தது. தம் கண்ணின் இக்குறையை அவரே 1794 ஆம் ஆண்டில் ஆராய்ந்துரைத்தார். விழித்திரையில் நிறமறியுங் கூம்புக் கலங்கள் மூவகை. அவற்றுள் ஒருவகை இன்மையாலோ திரிபடைந்தமையாலோ இம்மயக்கம் உண்டாகும். சிவப்பு பச்சை மயக்கத்திற்குரிய மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருத்தலால், தாய்வழியாக மைந்தர்க்கு வருதல் பெரும்பான்மை, பெண்களிடத்து அரிது. ஐரோப்பிய வழியினரான ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர்க்கு இஃதுண்டு. ஆசியரிடத்து இதனிற் குறைவு. எனினும், நாற்பது ஆண்பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவனாவது இருத்தல் கூடும்.

பரிசோதனையின் பின் அச்சிறுவனை அழைத்து, 'தம்பி, வீட்டு மாமரத்திலே பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பாய்?' எனக் கேட்டோம். 'அமத்திப் பாப்பன் சேர். பிறகு மணந்து பாப்பன்' என்றான். கறுத்தக்கொழும்பானின் பழுப்பதத்தை அறிய நம் முன்னோருங் கைக்கொண்ட வழி அதுவே. யாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

இதனாற் பெறப்படும் ஆறாவது அளவை யாதெனின், நிறத்தை நிறத்தால் மட்டுமன்றி வடிவாலும் இடத்தாலுங் கண்டுகொள்ளக் கூடிய நூலையே முதலில் தெரிதல் வேண்டும். நிறப்பென்சில்களில் அவ்வவற்றின் பெயரை எழுதி ஒட்டுதலும் வேண்டும். மெனேனா கொட்டின் எழுதிய 'நிறங்களின் கருநூல்' என்னும் நூலொன்றுண்டு. அதன் பக்கங்கள் யாவுங் கறுப்பு. பார்வையற்ற சிறுவனொருவன் நிறங்களைச் சுவையாலும் மணத்தாலும் தொடுகையாலும் உணர்வதாக அமைந்தது அது. படங்கள் புடைத்து நிற்றலின் விரலாலே தடவிப் பார்க்கலாம். அத்தகைய நூலொன்றேனும் எம் நூலக அடுக்கில் இடம்பெறுதல் வேண்டுமென விழைகின்றோம்.

நூலை வாங்கியபின் வாசிக்கும் முறையொன்றுண்டு. 'இது என்ன நிறம்?' என ஒவ்வொரு பக்கத்திலும் வினாவிப் பரீட்சை வைத்தல் தகாது. நூலைக் குழந்தையே பிடிக்க, பக்கத்தைக் குழந்தையே புரட்ட, நாம் அருகிலிருந்து, 'எனக்கு இந்தக் கிளி பிடித்திருக்கிறது; உனக்கு எது?' எனத் தொடங்குதல் நன்று. பின்னர் நூலை மூடிவிட்டு வேலியோரஞ் செல்க. பூவரசம் பூ காலையில் மஞ்சளாய் மலர்ந்து, வாடுங்கால் சிவந்துவிடும். இன்று மலர்ந்ததையும் நேற்று உதிர்ந்ததையும் அருகருகே வைத்துக் குழந்தை பேசட்டும்.

பழைய மாணவ அன்பர்களே! இருபது மலிவான நூல்களினும், உறுதியாகக் கட்டப்பட்ட நல்ல நூல்கள் ஐந்து போதும். அன்று நிறுத்தி வைக்கப்பட்ட அச்சிறுவன் இன்று நங் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவன். வரும் நூல்களை அடுக்குதற்கு உதவ முன்வந்தோருள் அவனும் ஒருவன். நிறங்காட்டும் ஒட்டுத் தாள்களில் நிறத்தின் பெயரையுஞ் சேர்த்தெழுதுமாறு அவன் எம்மைக் கேட்டுக்கொண்டுள்ளான். அவ்வாறே எழுதி வைத்துள்ளோம்.