பணம் கரையும்போது எங்கே வைப்பது?

வெனிசுலா நாட்டில் 2018-ல் விலைவாசி 1,30,000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. நம்ம கணக்கில் சொன்னால், 1 ரூபாய் பொருள் ஒரே வருடத்தில் 1,300 ரூபாய்! வருமானம் குறைந்த அரசு, நோட்டு அடித்துத் தள்ளியதுதான் முக்கியக் காரணம்.

சம்பளம் வந்த உடனே மக்கள் சாமான் வாங்கிப் போட்டார்கள். சிலர் செல்போனில் பிட்காயின் வாங்கினார்கள். இது எந்த அரசும் அடிக்காத, கம்ப்யூட்டர் கணக்கில் மட்டும் இருக்கிற காசு. அதுவும் அந்த வருடம் பயங்கரமாக விழுந்தது. உச்ச விலையில் 100 ரூபாய்க்கு வாங்கியவருக்கு சுமார் 20 ரூபாய்தான் மிச்சம். ஆனால் அந்த நாட்டு நோட்டாகவே வைத்திருந்தவருக்கு? வெறும் 8 காசு! அதனால்தான் அவர்களுக்கு அது அடைக்கலம். நம்ம ரூபாய் அப்படியா கரையுது? ‘காயின் போடுங்க, இரட்டிப்பாகும்’ என்று வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்.

இன்னொன்று. 2019 மார்ச்சில் அங்கே பல நாள் கரண்ட் இல்லை. செல்போனும் வேலை செய்யவில்லை. அப்போது கையில் டாலர் நோட்டு இருந்தவர்கள்தான் கடைக்குப் போக முடிந்தது.